பழைய லைன்ல பிழை

இல்ல மகன், வேகத்துக்கு இல்ல. ரெண்டு லைன் எடுத்தாலும் வேகம் ரெட்டிப்பாகாதுண்டு நீங்க செல்றது வெளங்குது. எனக்கு வேகம் தேவல்ல. ஒண்டு செத்தா மத்தது அந்த நிமிஷமே புடிச்சிக்கொள்ளணும். வீடியோ கோல் நடுவுல அறுந்து போகப்படாது. அவ்வளவுதான்.

இந்த மூலையில ஈக்கிறது கம்பத்துல இருந்து வார பழைய லைன். ஜன்னல்ல ஈக்கிற பெட்டி டவர்ல இருந்து எடுக்கிறது, முந்தாநாள்தான் கண்டிக்குப் போய் வாங்கின. வேற கொம்பனி. ரெண்டையும் ஒங்கட இந்தச் சின்னப் பெட்டியில பூட்டினா வீட்டுக்கு ஒரே வைஃபை, இல்லயா? சரி, பூட்டுங்க. அந்தக் கதிரய இழுத்துக்கொள்ளுங்க. மக தேத்தண்ணி ஊத்துறா.

திகன டவுன்ல பளீல் ஹாட்வெயார்ண்டு கேட்டீப்பீங்க. நான்தான். ஆணி, பைப், பெய்ன்ட் எல்லாம் வெளங்கும். இந்த இன்டர்நெட் வேல ஒண்டும் வெளங்கா, அதுக்குத்தானே ஒங்களக் கூப்பிட்ட.

ஓ, ரெண்டு லைன் மகள்ட யோசனதான். பஸ்லினா, ஒரே மக. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, அஸர் தொழுகைக்குப் பொறகு, இந்த ஹோல்லதான் அவட நிக்காஹ். மாப்புள முனாஸ், கம்பளை ஊர்ப் புள்ள, கட்டார்ல வேல. லீவு கெடைக்கல்ல. மவ்லவி செல்லின, அவருக்குப் பதிலா ஒரு ஆள ஒக்கார வெச்சி முடிச்சிருவோம் ஹாஜியார், அதுக்கு வழி ஈக்கிண்டு. நான்தான் கேக்கல்ல. மாப்புளட வாயால ஏத்துக்கொண்டேன் எண்டு செல்றத என்ட ரெண்டு காதாலயும் கேக்கணும்ண்டு புடிவாதம் புடிச்ச. நானே தேடிக்கொண்ட வெனை.

இந்த மூலை மேசையிலதான் மாப்புளயோட வீடியோ கோல் எடுத்த டெப். அந்தப் பக்கம் மவ்லவி, எதிர்ல சாட்சி ரெண்டு பேர். டெப்ட மொகம் என்ட பக்கம். மக உள் அறையில பொம்புளயளோட. மாத்தளையில ஈக்கிற என்ட தங்கச்சி றிஸானாவும் அதே கோல்ல, ஒரு சின்னக் கட்டத்துல ஈந்த. ஓதி முடிஞ்சிது. என்ட மகள ஒங்களுக்கு முடிச்சித் தந்தேன் எண்டு நான் செல்லின. மாப்புள என்னயப் பாத்த. வாயத் தொறந்த. அதோட கோல் போயிட்டு.

ஆ, லைன் போனதுதான். எல்லாரும் அப்பிடித்தான் செல்லின. மாப்புளட வாப்பா போன் அடிச்சி அடிச்சிப் பாத்த, ஓஃப். சாட்சிகள்ட காதுல விழாத சொல்ல வெச்சி நான் எழுத ஏலாதுண்டு மவ்லவி புத்தகத்த மூடின. வந்த சனம் தலயக் குனிஞ்சிக்கிட்டுப் புரியாணி சாப்பிட்ட. மகள்தான் என்ட கையப் புடிச்சி, கவலப்படாதீங்க வாப்பா, அடுத்த தரம் ரெண்டு லைன் போடுவோம்ண்டு செல்லின.

நாளா? நாள் இன்னம் குறிக்கல்ல. மாப்புளக்கி வேல கூடவாம், பாத்துச் செல்றாராம். மெசேஜ்தான் வருது, கோல் இல்ல.

என்ன மகன்? பழைய லைன்ல பிழை ஒண்டும் காட்டல்லயா? அண்டைக்கும் லைன் அறுந்ததா இல்லயா? ஒரே ஒரு தரம் பெட்டி நிண்டீக்கி, ஆரோ வயரக் கழட்டின மாதிரி?

மெதுவாக் கதைங்க. குசினி இஞ்சதான், மகளுக்குக் கேக்கும்.

லைன் போகல்ல மகன். மாப்புள வாயத் தொறந்த, ஒண்டும் வரல்ல. பொறகு அவர்ட வெரல் முன்னால வந்து தெரயத் தொட்டத நான் கண்ட. அவர்ட கட்டம் போன பொறகும் றிஸானாட மொகம் அசஞ்சிக்கிட்டு ஈந்த. ‘மாப்புள எங்க, நானா?’ண்டு அவ என்னயக் கேக்கப் போறா. ஹோல்ல அம்பது பேர். உள்ளுக்க என்ட புள்ள மருதோண்டிக் கையோட. நான் என்ன செய்ற? மேசைக்குக் கீழால கால விட்டு ரவுட்டர்ட வயர இழுத்த. ஒரு வாப்பாவுக்கு ஏலுமா ஈந்தது அவ்வளவுதான்.

நீங்க பூட்டுங்க. இறுக்கிப் பூட்டுங்க. ரெண்டு லைட்டும் பச்சையா எரியணும். அவ தேத்தண்ணியோட வந்தா மொதல்ல கேக்கப் போறது, பழைய லைன்ல என்ன பிழைண்டுதான். எனக்கு அதுக்குப் பேர் தெரியா. ஒங்களுக்கு இந்தத் தொழில்ல பிழைகள்ட பேர் நூறு தெரிஞ்சீக்கும்.

வா மக, தேத்தண்ணிய இஞ்ச வெய். அத இவர்கிட்டயே கேளு.