முதல் வரியைத் தொட்ட விரல்கள்

கருவிக்கும் கைக்கும் இடையே ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டெடுத்த கூர்மதியீர்! முப்பத்தோராண்டு எங்கள் விமானக் கருவிச் சோதனைக்கூடத்தைத் தாங்கிநின்ற தலைமைப் பொறியாளர் அம்மையீர்! பணிநிறைவு பெறும் தங்களை வணங்கி மகிழ்கிறோம்.

லிஃப்ட் பொத்தான் தவறான இடத்தில் இருந்தால், அதை வடிவமைத்தவரைத் திட்டிவிட்டுத்தான் ஏறுவீர்கள். அந்தக் கோபத்தைக் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு, அந்த விமானம் மலையில் மோதும் வரை.

விமானி, செல்லவேண்டிய இடத்தின் குறியீட்டை வழிகாட்டிக் கருவியில் அடித்தார். ஒரே குறியீட்டில் ஈரிடங்கள். திரையில் இரு வரிகள். தொலைவும் இல்லை, திசையும் இல்லை. முதல் வரியைத் தொட்டார். அது மலைக்கு அப்பாலிருந்த வேறோர் ஊர். விமானம் ஓசையின்றித் திரும்பியது. ஒலிப்பதிவில் அவர் குரல் அமைதியாக இருந்தது: "வந்துடுச்சு, போலாம்."

விமானியின் கவனக்குறைவென்று கோப்பை மூட நாங்கள் ஆயத்தமானோம். தாங்கள் மட்டும் கையெழுத்திட மறுத்தீர்கள்.

மாதிரி விமானி அறையில், அந்த ஒலிப்பதிவைக் கேட்டிராத பதினொரு விமானிகளை ஒருவர்பின் ஒருவராக அமர்த்தி, அதே பயணத்தைத் தந்தீர்கள். ஒன்பது பேர் முதல் வரியைத் தொட்டார்கள். ஒன்பது பேரும் தமக்குள் முணுமுணுத்தார்கள்: "வந்துடுச்சு, போலாம்." ஏழாமவர் அதைச் சொன்னபோது எங்களில் ஒருவர் எழுந்துபோய் எல்லா விளக்குகளையும் போட்டார்.

கடைசியில் தாங்களே அமர்ந்தீர்கள். எது சரியான வரியென்று எங்கள் அனைவரையும்விட நன்கறிந்த தாங்கள்! காற்றின் வேகத்தையும் எரிபொருள் அளவையும் நாங்கள் மாறிமாறிக் கேட்க, பதில் சொல்லிக்கொண்டே குறியீட்டை அடித்தீர்கள். முன்கண்ணாடியில் மலை மெல்ல எழுந்த பிறகே கையை எடுத்தீர்கள். அப்போது பதிவான தங்கள் குரலை ஓடவிட்டோம். கேட்டு முடித்ததும், "இது நான் சொன்னதா?" என்றீர்கள்.

"இக்கருவியின் முன் யார் அமர்ந்தாலும் அவர் அந்த விமானியே" என்று மறுநாள் அறிக்கை எழுதினீர்கள். கருவிகளைத் திரும்பப் பெறுவது நடவாத காரியமென்று நிர்வாகம் கைவிரித்தது. ஈராண்டு விடாமல் வாதாடி வென்றீர்கள். இன்று அக்கருவி தொலைவையும் திசையையும் காட்டி, பாதையை வரைந்து, விமானியின் ஒப்புதல் பெற்றே விமானத்தைத் திருப்புகிறது. மாதிரி அறையில் புதிய கருவியோடு பறந்த அதே பதினொருவரும் பத்திரமாகத் தரையிறங்கினர். ஆயினும் மாதிரி அறையைப் பூட்டும்போது, அந்த வெற்று இருக்கையைப் பார்க்காமலே கதவைச் சாத்துகிறோம்.

இனி வரும் ஆண்டுகள் தங்களுக்கு நோயற்ற உடலையும் கலையாத உறக்கத்தையும் அள்ளித் தரட்டும்!

இம்மடலைப் பற்றிக் கேள்விப்பட்டு நேற்று ஓர் அம்மையார் வந்து, தாமும் கையெழுத்திடலாமா என்று கேட்டார். பெயருக்குக் கீழே என்ன பதவி எழுதுவதென்று கேட்டோம்.

"அந்த விமானியோட மனைவின்னு போடுங்க. இப்ப அதை வெளியில சொல்ல முடியுது."

அவரும்,
சோதனைக்கூட ஊழியர்கள் அனைவரும்.