தானாகத் திறப்பது எது

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திறக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், டாக்டரம்மா. தங்கச்சி பொத்தானை அழுத்திவிட்டு டீ போடப் போய்விடுவாள். டம்ளரோடு வந்து உட்காரும்போது அது தயாராக இருக்கும்.

அதில் கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம் இரண்டு உண்டு; ஒன்றின் திரையில் வைத்தது மற்றதன் திரையில் தெரியாது. பழையதை அழிக்காமல், பக்கத்திலேயே புதியதையும் கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்தார். திறக்கும்போது கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். யாரும் எதையும் தொடாவிட்டால், எதை முதலாவதாக வைத்திருக்கிறோமோ அது தானாகத் திறந்துகொள்ளும். அதை மாற்றச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

"நான் வெளிய போனா நீ படம் பார்ப்பே. பழசுதானே உனக்குப் பழக்கம்? மாத்தி வெச்சுக்கோக்கா, அதுவே வந்துடும். சட்டி தூக்கின கைக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?"

கஷ்டமாகத்தான் இல்லை.

சித்தாளாகக் கலவை சுமந்து அவளைப் படிக்க வைத்தேன். சொல்லிக் காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்துவந்தாள். வெளியூரிலிருந்த அந்தப் பதிப்பகம், அங்கேயே வந்து வேலை பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது.

"நீயும் வாக்கா. ஒரு வேலையும் வேணாம். உக்காந்து சாப்பிட்டு உடம்பைத் தேத்து, போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சும்மாடு வைத்த இடத்தில் எனக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. என்னை உட்கார்ந்து சாப்பிடச் சொன்னாள்.

அவள் வேலை பார்க்கும் புதியதன் திரையில் பின்னணியாக இருந்த அதே படத்தைப் பழைய சிஸ்டத்தின் திரையிலும் வைத்தேன். அதே இடத்தில் அதே ஃபைல்கள், ஆனால் பதிப்பகம் அனுப்பியபடியே, அவள் திருத்தாதவை. காலையில் அவள் குளிக்கும்போது கம்ப்யூட்டரைப் போட்டு, பழையதை முதலாவதாக மாற்றிவிட்டு, அணைத்துவிடுவேன்.

"நேத்து பூரா உக்காந்து திருத்தினேனேக்கா. ஒண்ணையும் காணோம்."

"நேத்து நீ துணிதானே துவைச்சிட்டிருந்தே. கனவு கினவு கண்டியா?"

மறுநாள் புதியதையே முதலாவதாக வைப்பேன். திருத்திய பக்கங்கள் வந்து நிற்கும். காணாமல் போனதைவிட, திரும்பி வந்ததுதான் அவளை அதிகம் உலுக்கியது. எங்கள் அம்மா கடைசியில் எங்களையே யாரென்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அந்தப் பயம் தங்கச்சிக்குள் ஏற்கெனவே இருந்தது. நான் கொண்டுவந்து வைக்கவில்லை.

"வரலைன்னு சொல்லிட்டேன்க்கா. அங்க போய் அசிங்கப்பட வேணாம்" என்றாள் ஒருநாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நிறுத்தினால் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள்.

அதனால்தான் உங்களிடம் கூட்டிவந்தேன். அடுப்பை அணைக்க மறக்கிறாள் என்று நான் சொன்னது மட்டும் பொய். மற்றதெல்லாம் அவளே தன் வாயால் சொன்னது. நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒன்று கொடுக்கச் சொன்னீர்கள். நான் இரண்டு கொடுத்தேன். இரண்டு கொடுத்தால் பேசாமல் என் மடியில் படுத்துக்கொள்கிறாள், சின்ன வயதில் படுத்த மாதிரி. ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறாள். இப்போது அவள்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

நீங்கள் சொல்லி அனுப்பி, கம்ப்யூட்டரை எடுத்துப்போய்ப் பார்த்த கடைக்காரர், யாரோ வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைத்திருப்பதாக உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் செய்தேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ஒரு வாரமாகிறது. இன்று காலை நான் தலை வாரிவிடும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்: "எங்க அக்கா வேலை விட்டு எப்போங்க வருவா?"

கம்ப்யூட்டரே இல்லாத வீட்டில் கேட்கிறாள், டாக்டரம்மா. அப்படியென்றால் வியாதி அவளுக்கு முதலிலிருந்தே இருந்திருக்கிறது. கூடவே இருந்ததால் நான் முன்னாலேயே கண்டுபிடித்தேன், அவ்வளவுதான்.