ஏரிக்கு அக்கரையில் ஒரு விளக்கு

மணி ஏழரை. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. சேலையூரைத் தாண்டி மாடம்பாக்கம் போகிற ஏரிக்கரைப் பாதையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு சைக்கிள்... டைனமோ கிர்ர்ரென்று உறும, வேதசிரோமணி சார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அறுபத்தொன்பதாம் வருஷம். என் மச்சானுடைய சித்தப்பா கேசவன், சைக்கிள் கடைக்காரர், பாதியைக் கண்ணால் பார்த்தவர். மீதி சாரே அவரிடம் சொன்னது. கரண்டு வருகிற வரைக்கும் கதை கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள், சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அமலராணி, அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வை.

சார் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வாலிபத்தில் வெள்ளைக்காரன் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர். விளக்கை மினுக்கிச் சேதி அனுப்புவதும் படிப்பதும்தான் அவர் வேலை. மார்பில் குத்துகிற பதக்கம் ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தது. சபையில் யாராவது கப்பல் கதை கேட்டால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்று ஏரிக்கு அக்கரையில், பனைகளுக்குக் கீழே, ஒரு விளக்கு மினுங்கியது. ஒரு சின்ன மினுக்கு... ஒரு நீள மினுக்கு... மறுபடி சின்னது. அவர் கால் தானாகவே நின்றுவிட்டது. கண் படித்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை.

'பொறுங்கள்.'

கொஞ்சம் இருட்டு. மறுபடியும், 'பொறுங்கள்.'

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரே மிதியாய் மிதித்து வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றாள் மனைவி சாராள்.

"ஒண்ணுமில்ல. டைனமோ மக்கர் பண்ணுது."

மறுநாளும் அதே விளக்கு. அதே வார்த்தை. மூன்றாம் நாள் அவர் நின்றார். இந்த வார்த்தையை அவர் முன்னாலேயே பார்த்திருந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால்.

பெயர் சொன்னாலும் நமக்குத் தெரியாத ஒரு தீவு அது. ஜனங்கள் தலைவரி கட்ட மாட்டோம் என்று சர்க்கார் கச்சேரிக்குத் தீ வைத்துவிட்டார்கள். அந்தத் தீவை ஆண்ட துரை கப்பலைக் கூப்பிட்டான். போய் நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு மலைச்சரிவு ஊர்மேல் பீரங்கி என்று உத்தரவு. அதற்குச் சற்று முன்னால் அந்த ஊரிலிருந்து யாரோ ஒருவர் விளக்கை மினுக்கினார். 'பொறுங்கள்.'

கண்ணில் பட்ட எந்த விளக்கையும் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அன்று விடியற்காலை இருட்டில்தான் ஒரு மீன்காரனுடைய லாந்தரைச் சேதி என்று சொல்லி, மேல்தளம் முழுக்கச் சிரிக்க அவர் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மறுபடியும் சிரிப்பார்களே என்று வெட்கம். வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஒரு வார்த்தை அனுப்பினால், வாங்குகிறவன் ஒரு மினுக்கு காட்ட வேண்டும். 'படித்துவிட்டேன், அடுத்ததை அனுப்பு' என்று அர்த்தம். காட்டாவிட்டால் அனுப்புகிறவன் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அனுப்புவான். அந்த ஆள் ஏழு தடவை அனுப்பினார். எட்டாவது பாதியில் இருக்கும்போது பீரங்கி வெடித்தது. கப்பல் நோட்டில் சார் எழுதினார்: 'விளக்கு எதுவும் தெரியவில்லை.'

அடுத்த வார்த்தை என்னவாக இருந்திருக்கும்? அந்தக் கேள்வியைத்தான் அவர் முப்பத்தொரு வருஷமாக நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தார், எழுந்தார்.

இப்போது ஏரியில் தவளைச் சத்தம் நின்றது. மழை மண் வாசனை போய்... வெடிமருந்து நெடி. தென்னை எரிகிற நெடி. சார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். கையால் பெடலைச் சுற்றினார். முன்விளக்கை உள்ளங்கையால் மூடி, ஒரே ஒரு தடவை திறந்து மூடினார்.

அக்கரை விளக்கு ஒரு நொடி அணைந்தது. பிறகு, 'பத்து.' அவர் பதில் மினுக்கு காட்டினார். 'நிமிடம்.' காட்டினார். 'பிள்ளைகளை.' காட்டினார். 'இறக்குகிறோம்.'

அதோடு சரி. விளக்கு இல்லை.

சாருக்கு அழுகை பீறிட்டது. பெடலை மட்டும் விடவில்லை. இருட்டில் வருகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே.

ஒன்பது மணிக்கு சாராள் பயந்துபோய்க் கேசவனை அனுப்பினாள். பெட்ரோமாக்ஸோடு அவர் வந்தபோது, சார் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கை தோலுரிந்து ரத்தம்.

"சார்! இன்னா சார் இது? ராத்திரில இங்க இன்னா பண்ணிகினு கீற?"

"சத்தம் போடாத கேசவா. பிள்ளைங்க வந்துக்கிட்டு இருக்காங்க."

கேசவன் விளக்கைத் தாழ்த்தினார். ஈர மண்ணில் கால் தடங்கள். செருப்பில்லாத சின்னச் சின்னக் கால்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து கரையேறி, நேராக சைக்கிள் வரைக்கும். அத்தனையும் சார் நின்ற இடத்தோடு நின்றுவிட்டன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

கேசவன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் வரைக்கும் நடந்தார்கள். நான் சொன்னதையெல்லாம் சார் அந்த வழியில்தான் சொன்னார். "நான் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தா போதும் கேசவா... பத்தே நிமிஷம்தான் கேட்டாங்க." கேசவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வெறும் ரோடு. யாரும் இல்லை.

வீட்டுக் கதவை சாராள் திறந்தாள். அவளுக்கு இந்தத் தீவும் தெரியாது, கப்பலும் தெரியாது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவர் தோளுக்குப் பின்னால், தெரு முழுக்கப் பார்த்தாள்.

"யாருங்க இத்தனை பிள்ளைங்க? எல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு நிக்குதுங்களே... உள்ள கூப்பிடுங்க."