நான் இருந்தாத்தான் சத்தம் வருது

…அதத்தான் தம்பி போன்லயும் சொன்னேன். எதனால வருதுன்னு கண்டுபிடிக்கறது உன் வேலை, எப்படி வருதுன்னு சொல்றது என் வேலை. முதல்ல உய்ய்ய்னு மெதுவா ஆரம்பிக்கும். காதுகிட்ட கொசு வந்த மாதிரி. சரி, போயிடும்னு நெனப்போம். போகாது. அப்புறம் ஊஊஊன்னு ஏறும் பாரு, பக்கத்து வீட்டுல மாவு மில்லு வெச்சுட்டாங்களோன்னு இருக்கும். செருப்பா? அங்கயே விடு, யாரும் எடுக்க மாட்டாங்க. உள்ள வா. பாத்து, அந்த ஸ்டூல்ல ஊசி குத்தி வெச்சிருக்கேன், உக்காந்துடாத.

இதோ, இந்த மூலைதான். இந்தப் பக்கம் என் மருமகளோட ஆபீஸ், அந்தப் பக்கம் என் ஆபீஸ். நடுவுல அலமாரிதான் சுவரு. எனக்குத் தையல், அவளுக்குப் போன். வாஷிங் மெஷின் வாங்குனவங்க எல்லாம் அது ஓடலன்னா கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டுவாங்கல்ல, அந்தத் திட்ட இவ வீட்டுல உக்காந்து வாங்கிக்கறா. "புரியுதுங்க, மன்னிச்சுக்கோங்க, ஆள அனுப்பறேங்க." நாள் பூரா இதேதான். ஒரு தடவ கூட குரல் ஒசராது. நானா இருந்தா முதல் ஆளுக்கே ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். வீட்டுலதான் இருப்பேன்னு வெச்சுக்கோ, ஆனாலும் வந்திருப்பேன்.

அவ போன் எடுத்தா நான் மெஷின்ல இருந்து கால எடுத்துடுவேன் தெரியுமா? கையால காஜா எடுப்பேன், ஓரம் மடிப்பேன், பட்டன் தைப்பேன். இருமல் வந்தா கூட சமையல்கட்டுக்குப் போயித்தான் இருமுவேன். நான் இவ்ளோ அடக்கமா இருக்கேன், இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அந்த அடக்கம் இருக்கா?

இரு இரு இரு. உறைய நான் கழட்டறேன். நீ இழுத்தா பிஞ்சுடும்.

எப்படி இருக்கு? சொல்லேன். நானே தச்சது. வெளிய நீலத் துணி, உள்ள மெத்துன்னு பஞ்சு, கீழ சுத்தி ஃப்ரில்லு. முன்னாடி வரிசையா பட்டன். சுவிட்ச் போட விரல் போற அளவுக்கு ஒரு ஓட்டை, வயர் வர பின்னாடி ஒரு ஓட்டை. மத்தபடி எறும்பு கூட உள்ள போக முடியாது. ஃப்ரிஜ்ஜப் பாரு, மிக்ஸியப் பாரு, டிவியப் பாரு. ரிமோட்டுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, எல்லாத்துக்கும் உறை உண்டு இந்த வீட்டுல. எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுவாரு, கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா எனக்கும் அளவு எடுத்துடுவான்னு. பண்ணட்டும். தூசி படிஞ்சா யாரு தொடைக்கறது? அவரா?

அவருதான் இதுக்கு முதல் டாக்டரு, கேட்டுக்கோ. ஆயுசுக்கும் பஸ் ஓட்டுனவரு. பெட்டி மேல காத வெச்சு, கண்ண மூடி, ரொம்ப நேரம் கேட்டுட்டு "பேரிங்கு"ன்னாரு. அவருக்கு எல்லாமே பேரிங்குதான். என் முழங்கால் சத்தம் போட்டப்பவும் பேரிங்குன்னாரு. எங்க பையன் ரெண்டாவது டாக்டர். அவன் கிட்டக் கூட வரல, வாசல்ல நின்னே, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னான். நல்லவேளை அவன் நெஜமா டாக்டருக்குப் படிக்கல.

எப்ப இருந்தா? வாங்குனப்போ சத்தமே இல்லப்பா. ஓடுதா நிக்குதான்னே தெரியாது. அப்புறம்… வெயில் ஆரம்பிச்சப்பவா? இல்ல, அதுக்கு முன்னாடியே. அவ பொறந்த நாளுக்கு அப்புறம். கரெக்டு, பொறந்த நாளுக்குத்தானே இந்த உறைய குடுத்தேன், அவ கூட "ஐயோ அத்தை, எவ்ளோ அழகா இருக்கு, இதுக்குப் போயி இவ்ளோ மெனக்கெட்டீங்களே"ன்னு கட்டிப்பிடிச்சுக்கிட்டா. அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. ஏன் அப்படிப் பாக்கற? உன் கண்ணுல தூசி விழுந்துச்சா? முகத்தக் கிட்ட வெச்சுக்காத.

இன்னொரு விசித்திரம் கேளு. நான் இருந்தாத்தான் இது கத்தும். நெஜமா. மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து, "என்னம்மா, சத்தம் எப்படி?"ன்னு கேட்டா, "இன்னிக்குப் பரவால்ல அத்தை"ம்பா. மத்தியானம் நான் கண்ணசந்தா சத்தமே இருக்காது. எழுந்து வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து நூல் கோக்கறேன்னு வெச்சுக்கோ, ஆரம்பிச்சுடும். உனக்கும் அதுக்கும் என்ன பகைன்னு அவர் கேக்கறாரு. நான் என்ன பண்ணேன் அதுக்கு? சட்டை தச்சுப் போட்டேன். வேற என்ன பண்ணேன்?

என்ன, பிசுபிசுன்னு ஒட்டுதா? எங்க? ஓ, பெட்டிக்குள்ள இருக்கற ஃபேன்லயா. அது… ஒட்டும். அது எண்ணெய். தையல் மெஷினுக்கு விடற எண்ணெய்தான், சுத்தமானது. என் மெஷின் கத்துனா ரெண்டு சொட்டு விட்டா கப்சிப்னு ஆயிடும். அதான் இதுக்கும் ரெண்டு சொட்டு… சரி, கொஞ்சம் கூடத்தான் விழுந்துடுச்சு. கை தவறிடுச்சு. தொடைச்சு விடுப்பா. தொடைக்கறதுக்குப் பழைய துணி தரேன், இந்த வீட்டுல துணிக்கா பஞ்சம். ஆனா மருமக கிட்ட வாயத் தெறக்காத. உன் தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குமில்ல.

தம்பி, விளையாட்டா பேசறேன்னு நெனக்காத. இது சரியாகணும். இன்னிக்கே சரியாகணும். போன வாரம் யாரோ ஒரு ஆளு, "ஏம்மா, பஸ்ஸுக்குள்ள இருந்தா பேசற?"ன்னு கேட்டுட்டானாம். அத மேல இருக்கறவங்க கேட்டுட்டாங்க. வீட்டுல சத்தம் நிக்கலன்னா ஆபீசுக்கே வந்து உக்காருன்னுட்டாங்க. ஆபீசு எங்க இருக்கு, ஊரோட அந்தக் கோடியில. தெனம் போயிட்டு வந்தா அவ உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால அவளும் எங்க பையனும் அங்கயே ஒரு வீடு பாக்கப் போயிருக்காங்க. இப்ப. இந்த நேரத்துல. பிடிச்சிருந்தா கையோட சரின்னு சொல்லிட்டு வந்துடுவாங்க.

நான் ஒண்ணும் சொல்லல. சின்னஞ்சிறுசுங்க, தனியா இருக்கட்டும், தப்பில்ல. ஆனா தம்பி, எனக்கு அவ குரல் பழகிப் போச்சு. அலமாரிக்கு அந்தப் பக்கம் "புரியுதுங்க, புரியுதுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு ஊசி ஓடுது. நடுநடுவுல போன வெச்சுட்டு, திட்டுனவங்க எப்படித் திட்டுனாங்கன்னு நடிச்சுக் காட்டுவா, ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர சிரிப்போம். இவர் கூட உக்காந்து நான் எதச் சிரிக்கறது? பேரிங்கப் பத்தியா?

முடிஞ்சுதா? போடு, போட்டுக் காட்டு.

…எங்க, ஓடுதா? லைட்டு எரியுதே. ஓடுதா! அட, சத்தமே காணோமே! ஏங்க, இங்க வாங்களேன், உங்க பேரிங்கு குணமாயிடுச்சு! வர மாட்டாரு, தூங்கறாரு. இரு தம்பி, மொதல்ல அவளுக்குப் போன் போடறேன்.

அம்மாடி, நான்தான். எங்க இருக்கீங்க? பாத்தாச்சா? சொல்லிட்டீங்களா? இன்னும் இல்லையா? சொல்லாத. யாரு கிட்டயும் எதுவும் சொல்லாத. கம்ப்யூட்டர் வாய மூடிடுச்சு. ஆமா. சத்தியமா. வீட்டுக்கு வாங்க, வந்து கேளுங்க. கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, அதத்தான் சொல்றேன். வா, வா.

பாத்தியா, பாதி வழி வந்துட்டாங்களாம். கண்ணு, நீ நல்லா இருப்ப. உக்காரு, காபி போடறேன். அவ வர்றதுக்குள்ள சட்டைய மாட்டிடுவோம், பெட்டிய அம்மணமா விட்டா என்னமோ மாதிரி இருக்கு. நீ தடுக்காத, உன் வேலை முடிஞ்சுது, இது என் வேலை. மேல இருந்து விட்டு, இப்படி இழுத்து, ஃப்ரில்ல ஒதறி விட்டு… ஆங். இப்பப் பாரு, லட்சணமா இருக்கு. சர்க்கரை எவ்ளோ போடணும் உனக்கு? அவ அரை ஸ்பூன்தான் போட்டுக்குவா. நான்…

என்ன சத்தம் அது?

இல்ல, கேளு. உய்ய்னு. அது வெளிய ஆட்டோ. ஆட்டோ இல்லையா? ஐயையோ, ஏறுதே. தம்பி, என்னப்பா பண்ணி வெச்சிருக்க, இவ்ளோ நேரம் நல்லாத்தானே… ஏய், உறைய ஏன் கழட்டற? அது என்ன பண்ணுச்சு உன்ன? நல்லா இருக்கற துணியப் போயி…

…குறையுது.

இல்ல, தானா குறையுது. நீ மறுபடியும் மாட்டு. மாட்டுன்னா மாட்டு. அதுக்குள்ள போயி உறைய குத்தம் சொல்லக் கூடாதுல்ல.

ம். ஏறுது.

எடு. எடுத்துடு. போதும்.

மூச்சு முட்டுதா அதுக்கு? அப்ப இவ்ளோ நாளும் இது கத்துனது காத்துக்கா? அடக் கடவுளே. எறும்பு போகாதுன்னு பெருமை அடிச்சுக்கிட்டேனே. குடு இங்க. எல்லாம் பஞ்சு வெச்சதால வந்தது, வெறும் துணியில தச்சிருந்தா… சரி சரி, தலைய ஆட்டாத, வெறும் துணியும் வேண்டாம், புரியுது. நான் மார்க்கெட்டுக்குப் போனா சத்தம் இல்லங்கறாளே, அப்ப மட்டும் எப்படி? உறைதான் எப்பவும் மேலயே இருக்கே.

இது என்னது?

இந்தப் பட்டன் நான் தச்சது இல்லையே. நான் நாலு ஓட்டைக்கும் குறுக்கத்தான் நூல் போடுவேன், நீல நூல். இது கறுப்பு. நேரா இழுத்து, முடிச்ச வெளியப் போட்டிருக்கு. இதோ, அடுத்ததும் அப்படித்தான். பட்டன் போற இந்தக் காஜாவப் பாரு, இழுத்து இழுத்து வாய் பொளந்து கெடக்கு. நான் தச்சா பட்டன் விழாது தம்பி. வருஷக் கணக்கா போட்டுக் கழட்டுனாத்தான் இப்படி ஆகும். இல்லாட்டி… தெனம் நாலு தடவ கழட்டி மாட்டுனா.

கழட்டியிருக்கா.

நான் அந்தப் பக்கம் போனதும் கழட்டிட்டு, என் காலடி கேட்டதும் மாட்டியிருக்கா. பட்டன் பிஞ்சு விழுந்தப்ப எனக்குத் தெரியாம அவளே தச்சிருக்கா. ஊசியப் பிடிக்கத் தெரியாது அவளுக்கு, விரல்ல எத்தன தடவ குத்துச்சோ. "அத்தை, இந்த உறையால சத்தம் வருது"ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அத என் கிட்ட சொல்ல மனசு வராம வீடு பாக்கப் போயிருக்கா பாரு, பைத்தியக்காரி! ஊரான் திட்டெல்லாம் வாங்கிக்கிட்டு "புரியுதுங்க"ங்கறவ, என் கிட்ட சொல்றதுக்கு என்ன பயம்?

பயம் இல்ல. கட்டிப்பிடிச்சுக்கிட்டால்ல அன்னிக்கு. அப்புறம் எப்படி சொல்லுவா.

எனக்கு ஒண்ணும் இல்ல, நூல் தூசி கண்ணுல. நீ கருவியெல்லாம் எடுத்து வை. கேட் சத்தம் கேக்குது, அவதான். இந்தா, சீக்கிரம், இத எங்க ஒளிக்கறது? அலமாரியில வெச்சா தெறந்துடுவா. இந்த ஸ்டூல்லயே போட்டு நான் மேல உக்காந்துடறேன். ஆ! ஊசி. அதான் உன்ன உக்காராதன்னேன். யாரு கேட்டாலும் தூசின்னு சொல்லு. சொல்லுவல்ல?

வாம்மா, வா. அவன் எங்க, வண்டி நிறுத்தறானா? இதோ கேளு. ஓடிக்கிட்டுதான் இருக்கு. கேக்குதா? கேக்கலல்ல? வெறும் தூசியாம்மா. இந்தத் தம்பிதான்… எங்க போனான்? இப்பத்தானே இங்க நின்னான். காபி கூட குடிக்காம, சொல்லாம கொள்ளாம போயிட்டான் பாரு. நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் அதிகம்.

உறையா? தண்ணியில நனச்சு வெச்சிருக்கேன். வெயில்தான் அடிக்குது, இல்லங்கல. ஆனா உள்ள பஞ்சு இருக்குல்ல, அது காயாது. ரொம்ப நாளாகும். ஆமாம்மா, மறுபடியும் நனைக்க வேண்டி வந்தாலும் வரும். நீ அதப் பத்திக் கவலப்படாத. அந்த வீடு எப்படி இருந்துச்சு? இருட்டா? ஜன்னலே இல்லையா? சே, அப்படிப்பட்ட வீடு நமக்கு எதுக்கு.

நானா? எந்திரிக்க முடியலம்மா, முழங்கால் பிடிச்சுக்கிச்சு. பேரிங்கு. நீ உக்காந்து உன் வேலையப் பாரு, போன் அடிக்குது பாரு. அப்புறம், அம்மாடி… பட்டன் தைக்கறப்போ முடிச்ச உள்பக்கம் போடணும். அப்பத்தான் வெளிய தெரியாது. ஒண்ணும் இல்ல, சும்மாதான் சொன்னேன். நீ போன எடு.