ஞாயிற்றுக்கிழமை எழுதுகிற மூன்று பேர்

“வெள்ளிக்கிழமை லீவு உள்ளவன் எதுக்குலே ஞாயித்துக்கிழமை எழுதுதான்?”

திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த இருவரில் மூத்தவர் இப்படிக் கேட்டார். இளையவர் கையில் கம்ப்யூட்டரில் அச்செடுத்த தாள்கள். அவருடைய தங்கைக்குத் துபாய் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறார்களாம்.

“நம்மூர்க்காரங்க இன்டர்நெட் குழுவுல போட்டிருக்கான், மச்சான். ‘பொண்ணுக்கு வலிப்பாமே, சும்மா கேக்கேன்’னு துபாய்ல ஒருத்தன். குவைத்துல ஒருத்தன், ரியாத்துல ஒருத்தன் ‘நானும் கேள்விப்பட்டேன்’னு எழுதுதான். நாளைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போயி நல்லா ஏசி எழுதப் போறேன்.”

“ஏசாதலே. அதுக்குத்தான் காத்துக் கிடக்கான். அங்க உள்ளவன் லீவு நாளு வெள்ளிக்கிழமைலதான் எழுதுவான். இந்த மூணு பேரும் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான். மூணும் ஒரே ஆளு, ஞாயித்துக்கிழமை லீவு உள்ள இங்கன உள்ளவன். அவன் எழுதுன தேதிய மட்டும் மாப்பிள்ளைக்கு அனுப்பு, அவரே பாத்துக்கிடட்டும்.”

இளையவர் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அதுல்ல மச்சான், வலிப்புன்னு ஏன் எழுதுதான்? சின்னப்புள்ளையில காய்ச்சல்ல ஒரே ஒரு தரம் வந்துச்சே, அது நம்ம வீட்டு ஆளுகளுக்குத்தானே தெரியும்?”

மூத்தவர் தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.