மேட்டூர் என்று எழுதிய பெண்

தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் ஆதிநாராயணன் அவர்களே, நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்கும் பெரியோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நகரித் தோழர்களே, கடலைக்காட்டு மண் காலில் காயும் முன்னே முன்வரிசைக்கு வந்துவிட்ட தாய்மார்களே! சத்தியவேட்டுச் சந்தைத் திடலில் உங்களைத் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் கேட்டார்கள். நம் மாநிலத்தின் பெரிய அணை எது? நம் தமிழ்ப் பள்ளி மாணவி, ஏழுமலையின் மகள் சிவசங்கரி எழுதினாள்: மேட்டூர். பெரிய துறைமுகம்? சென்னை. நெற்களஞ்சியம்? தஞ்சாவூர். மூன்றும் தவறு. தேவை முப்பத்தைந்து, வந்தது முப்பத்து மூன்று!

சிரிக்காதீர்கள் ஐயா! ஆந்திரத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஆந்திரப் பாடநூலைத் தந்தார்களா? ஜூனில் வரவில்லை, தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஊத்துக்கோட்டைக்குப் போய், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படித்து முடித்த பழைய புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தான் ஒருவன். அவன் யார்? பெற்றோர் குழுச் செயலாளர் என்று சற்றுமுன் மாலை போட்டீர்களே, இந்த மணிவேல்தான்! நல்லது செய்வதாக நினைத்தேன். அவள் தலையில் மண்ணைப் போட்டேன்.

புத்தகம் கேட்டு மண்டல அலுவலகம் போனேன். "மா சேத்துல லேது" என்றார்கள். எங்கள் கையில் இல்லையாம். மாவட்டத்துக்குப் போனேன். மா சேத்துல லேது. ஐதராபாத்துக்கே போனேன். தலைமைச் செயலக வாசலில் பந்தல், "டில்லியே, எங்கள் அதிகாரத்தைப் பறிக்காதே" என்று முழக்கம். நானும் சேர்ந்து முழங்கிவிட்டுத்தான் உள்ளே போனேன். உள்ளே என்ன சொன்னார்கள்? "மொழிச் சிறுபான்மை விவகாரம், டில்லியைக் கேளுங்கள்." டில்லிக்கு எழுதினேன். மாநிலத்தைக் கேட்கச் சொல்லிப் பதில் வந்தது!

டில்லி மாநிலத்தின் கழுத்தைப் பிடித்தால் அநியாயம். எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் கேட்டு வாங்கிய அதிகாரம் தலைநகரிலேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் சுயாட்சியா? அந்நியக் கம்பெனி வருகிறது என்றால் இரண்டு அரசும் போட்டி போட்டுக் கையெழுத்திடுகின்றனவே, நம் பிள்ளையின் புத்தகத்துக்கு மட்டும் பேனாவில் மை வற்றிவிட்டதா? ஏழுமலை என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வுடுண்ணா. இந்தவாட்டியும் போச்சின்னா நான் போற கம்பெனிக்கே இட்டுக்கினு பூட்றேன்." அந்தப் பெண்ணுக்கு டீச்சர் ஆக ஆசை!

என்ன சொல்கிறீர்கள் கங்கம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். "நாமளே புஸ்தகம் போட்டுக்கினா இன்னா?" போட்டுவிட்டோம் தாயே! ஆந்திர அரசின் தெலுங்குப் பாடநூலை நம் பள்ளி வரதராஜன் சார் வரிவரியாகத் தமிழாக்கினார், நாங்கள் அச்சடித்தோம். அதற்கு நமக்கு அதிகாரம் இல்லையென்று மண்டல அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. வரட்டும்! மறுதேர்வுக்கு இருபது நாள். அதற்குள் நோட்டீஸ் படிப்பதா, பாடம் படிப்பதா?

சிவசங்கரி, மேடைக்கு வாம்மா. முதல் பிரதி உனக்குத்தான். என்னம்மா? மைக்கில் கேள்.

"மாமா, இதுல கீற மாதிரி எழுதினா தப்பு போட மாட்டாங்களே?"

கேட்டீர்களா? தன் பாடத்தைப் படிக்கவே பயப்படுகிறாள் இந்தப் பிள்ளை! இவளிடமும் போய் மா சேத்துல லேது என்று நான் சொல்ல மாட்டேன். தப்புப் போட்டால் அந்த மண்டல அலுவலக வாசலில் என்னோடு வந்து உட்காருபவர்கள் கை தூக்குங்கள்! ஏழுமலை அண்ணா, நீங்களும் தூக்கிவிட்டீர்களா? போதும், எனக்கு இது போதும். கை தூக்கிய அத்தனை பேருக்கும் என் நன்றி, வணக்கம்.