மூன்று முறை கேட்டாள்

பயிற்சி வகுப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். வரிசையாகப் போட்டால் பின்வரிசை தூங்கிவிடும். வட்டமாகப் போட்டாலும் தூங்குவார்கள்தான். ஆனால் யார் தூங்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர். இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நாற்காலி போட்டிருக்கிறீர்கள். பழைய முறை. குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

எங்கள் மருத்துவமனையின் நர்சுகளுக்கு நான் சூப்பரின்டென்டன்ட். குரலை உயர்த்திப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

எங்கள் நர்சுகளுக்கு உட்கார இடம் கிடையாது. மருந்து அறையில் நின்றபடியே டிபன் டப்பாவைத் திறப்பார்கள். மணி அடித்தால் வாயில் இருப்பதை விழுங்கிக்கொண்டே ஓடுவார்கள். ஓர் ஓய்வறை கேட்டு இயக்குநரிடம் நடையாய் நடந்தேன். ஒருநாள் அவரே பரிவாரத்தோடு ஆண்கள் வார்டுக்கு வந்தார். அங்கே படுக்கை விரித்துக்கொண்டிருந்த நர்சைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உட்கார இடமில்லாம ரொம்பக் கஷ்டப்படறீங்களாமே?"

"இல்லைங்க சார். பழகிடுச்சுங்க."

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "பாருங்க மேடம், அவங்க சரிங்கறாங்க. உங்களுக்குத்தான் மூட்டு வலி போலிருக்கு."

பரிவாரம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அவளுக்கு எங்கள் மருத்துவமனையில் 'சரிங்க' என்றுதான் பெயர். விடுமுறை நாளில் வரச் சொன்னால் சரிங்க. அடுத்தவள் டூட்டியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் சரிங்க. டாக்டர் செய்த தவறுக்கு அவளை நிற்கவைத்துத் திட்டினால் அதற்கும் சரிங்க. வேலையில் கெட்டிக்காரி. அவளிடம் நான் குறை கண்டது அந்த ஒரு சொல்லில்தான்.

இயக்குநர் கடைசியில் அறை கொடுத்தார். தரைவிரிப்பு, வெண்திரை, சத்தம் நுழையாத கண்ணாடிக் கதவு எல்லாம் வைத்து, வாசலில் 'செவிலியர் தலைமைப் பண்பு மேம்பாட்டு அரங்கம்' என்று பலகை மாட்டிக் கொடுத்தார். உட்கார இடம் கேட்டோம். நிமிர்ந்து நிற்கக் கற்றுத்தர இடம் கிடைத்தது. கற்றுத்தருகிறவளை உருவாக்குவதற்காக என்னை ஒரு பெரிய ஓட்டலுக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் எங்களைக் காகிதக் கோப்பைகளால் கோபுரம் கட்டச் சொன்னார். யாருடைய கோபுரம் அதிகம் விழுகிறதோ அவரே அதிகம் கற்றவர் என்றார். என்னுடையது நிற்கவே இல்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார்: தலைவர்கள் வகுப்பில் பிறப்பதில்லை, நெருக்கடியில் பிறக்கிறார்கள். அதை நான் நம்பினேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. அடுத்த ஓட்டலுக்கு விமானம் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார்.

முதலில் நானும் சாதாரணப் பயிற்சிகளைத்தான் கொடுத்தேன். ஆளுக்கொரு பலூன் கொடுத்து, தங்கள் பயத்தை அதன் மேல் எழுதச் சொன்னேன். எல்லோரும் 'டாக்டர் திட்டுவார்' என்றே எழுதினார்கள். பலூன்களை ஊசியால் குத்தி உடைத்தோம். ஒருத்தி அழக்கூட அழுதாள். மறுநாள் காலை டாக்டர் திட்டினார். வரிசையாக நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்போதும் நான் சத்தம் போடவில்லை. நேரடிச் செய்முறை ஒன்றை வடிவமைத்தேன்.

விஷயம் எளிது. வார்டுக்கு ஒரு டாக்டர் போன் செய்து தவறான மருந்தளவைச் சொல்வார். நர்ஸ் மறுத்தால் தேறினாள். மறுக்காவிட்டால் அவளை அரங்கத்துக்கு அழைத்து, எங்கே தவறினாள் என்று எல்லோருமாக ஆராய்வோம். டாக்டர் நான்தான். யாருக்கும் ஆபத்து வராது. வார்டு குளிர்பெட்டியில் இருந்த இன்சுலின் குப்பியை எடுத்துவிட்டு, அதே மாதிரிக் குப்பியில் வெறும் தண்ணீரை நிரப்பி நானே வைத்தேன். என் முன்னெச்சரிக்கையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று மூத்த நர்சுகள் எல்லோரும் அரங்கத்தில் இருந்தார்கள். பயிற்சியின் நிறைவு நாள். ஆண்கள் வார்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது யார் சரிங்க என்றிருப்பாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரப் படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். சர்க்கரைக்காரர். காலில் இருந்த புண் ஆறி, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். மகள் கூட இருந்தாள். நல்ல மனிதர். வார்டைக் கடக்கிற எல்லோரையும் கண்ணாலேயே அளவெடுப்பார். "மேடம், உங்க இடது தோள் இறங்கியிருக்கு. தச்சவன் மேல தப்பில்ல, நீங்க சுமக்கிற பை அப்படி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இடைவேளையில் எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் சாமான் அறைக்குப் போய், உள்தொலைபேசியை எடுத்தேன்.

"ஆண்கள் வார்டுங்க. சிஸ்டர் பேசறேங்க."

"புதுசா வந்திருக்கிற டூட்டி டாக்டர். ஜன்னலோர பேஷன்ட்டுக்கு இன்சுலின் ட்ரிப்ல ஏத்தணும்." அளவைச் சொன்னேன்.

நாங்கள் கற்றுக்கொடுத்தபடியே சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பிறகு கேட்டாள். "மேடம், அவருக்குப் போடறதவிட இது பத்து மடங்குங்க. சரியாத்தான் சொல்றீங்களாங்க?"

"ரிசல்ட் என் கையில இருக்கு. போடுங்க."

"மேடம், அவர் நாளைக்கு வீட்டுக்குப் போறவருங்க. நீங்க ஒருதடவ நேர்ல வந்து பாத்துட்டீங்கன்னா..."

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் நான் போனை வைத்திருக்கலாம். அவள் தேறிவிட்டாள். ஆனால் பயிற்சித் திட்டத்தில் 'அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுதல்' என்று ஓர் அங்கம் உண்டு. நான்தான் எழுதிச் சேர்த்தேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா? பாத்திரம் கழுவ வேண்டியவளுக்கெல்லாம் தொப்பி மாட்டிவிட்டா இப்படித்தான்."

அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வார்டு நடுவில், நோயாளிகள் பார்க்க எனக்குச் சொல்லப்பட்டது. ஒரு சொல் கெடாமல் உள்ளே இருந்திருக்கிறது. நான் கத்தினேன். அது என் குரல் என்று அவளுக்குத் தெரிந்திருக்க முடியாது. ஒருநாளும் குரலை உயர்த்தாதவளின் உயர்ந்த குரல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"மேடம், கூட நின்னு அளவு சரிபார்க்க ரெண்டாவது ஆள் இல்லைங்க. எல்லாரும் ட்ரெய்னிங்ல இருக்காங்க. அவங்க வர்ற வரைக்குமாவது..."

"அதுக்குள்ள அவர் செத்தா உங்க அப்பன் வந்து பதில் சொல்லுவானா? போட முடியலைன்னா யூனிபார்மக் கழட்டி வெச்சிட்டு வீட்டுக்குப் போ."



"சரிங்க."

போனை வைத்தபோது என் உடம்பு லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி. வார்டு வாசல் வரை போய்ச் சற்று நேரம் நின்றேன். பிறகு அரங்கத்துக்குத் திரும்பி, ஆயாவை அனுப்பி அவளை அழைத்துவரச் சொன்னேன்.

ஓடிவந்தாள். கதவைப் பிடித்தபடியே நின்றாள். "மேடம், ஒரு பேஷன்ட்டுக்கு சுகர் பாக்கணுங்க. பாத்துட்டு உடனே ஓடி வந்துடறேங்க."

"உட்காரும்மா."

வட்டத்தின் நடுவில் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன். அவள் பக்கத்தில் நின்று, வார்டில் நடந்ததை ஒரு கதைபோலச் சொன்னேன். போனில் பேசிய டாக்டர் நான்தான் என்றதும் மூத்த சிஸ்டர் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, பத்து மடங்குன்னு தெரிஞ்சும் போட்டியா? சமுத்திரத்துல குதின்னு சொன்னா அதுக்கும் சரிங்கதானா?"

"கேட்டேங்க அக்கா..."

"கேட்டாளாம். எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கணும், அந்த டாக்டரு கண்ணுல பூச்சி பறக்க விட்டிருப்பேன்."

சபை கலகலத்தது. அந்தச் சமயத்தில்தான் தையல்காரரின் மகள் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றாள். கதவைத் தட்டினாள். சத்தம் நுழையாத கதவு. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் என்று நான் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். மறுபடியும் தட்டினாள். மறுபடியும் காட்டினேன், சிரித்த முகத்தோடு. பயிற்றுநர் முகம் மாறக் கூடாது.

பிறகு நாற்காலியில் இருந்தவளிடம் திரும்பிச் சொன்னேன்: "பயப்படாத. அந்தக் குப்பில இருந்தது வெறும் தண்ணி."

அவள் தலையை நிமிர்த்தினாள். "எந்தக் குப்பிங்க மேடம்?"

"குளிர்பெட்டியில இருந்ததுதான்."

"அதுல திறந்த தேதி ஒட்டலைங்களே. தேதியில்லாத குப்பியக் கையால தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. தூக்கிப் போட்டுட்டேங்க. புதுசு திறந்துதான் ஏத்தினேன்."

சொல்லி முடிக்கும்போதே ஓடத் தொடங்கியிருந்தாள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். நாற்காலிகள் உருண்டன. வட்டம் கலைந்துவிட்டது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். மகள் கதவைத் தட்டும்போதே அவருக்கு வலிப்பு வந்து, பிறகு நின்றும் போயிருந்தது. அன்று மாலை தையல்காரர் இறந்தார்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி. குப்பி மாறியது எனக்கு எப்போது தெரியும் என்பது. சொல்கிறேன். வார்டு வாசலில் நின்றபோதே தெரியும். அவள் என் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்புத் தொட்டியில் போட்டாள். புதியதைத் திறந்தாள். ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காற்றுக்குமிழியைத் தட்டினாள். "என்ன சிஸ்டர், கை நடுங்குது? என்னை மாதிரி நூல் கோத்துப் பழகியிருக்கணும்" என்று தையல்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. நில் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் சரிங்க என்று நின்றிருப்பாள். அதுதான் சிக்கல். அப்படி நிற்பதில் அவள் என்ன கற்றுக்கொண்டிருப்பாள்?

அதன் பிறகும் நேரம் இருந்தது என்கிறீர்கள். இருந்தது. சர்க்கரை ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்பது எந்த நர்சுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவளை வட்டத்துக்கு நடுவில் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு வருஷம் காத்திருந்தேன். இயக்குநர் முன்னால் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு போக வேண்டும். இதைக் கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டார். அரங்கத்தில் நாங்கள் பலூன் மட்டுமே உடைத்ததாகவும், போன் எதுவும் வரவில்லை என்றும், நர்சின் கவனக்குறைவே காரணம் என்றும் எழுதிவைத்திருந்தார். தலைமைப் பண்புச் சான்றிதழ் வாங்கிய அத்தனை பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். டாக்டரின் கண்ணில் பூச்சி பறக்க விடுவேன் என்றவள்தான் முதலில் போட்டாள். நானும் போட்டேன். மேலிடம் கேட்கும்போது மறுப்பது முறையல்ல.

அவள் மட்டும் போடவில்லை. குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தாராம். நீங்களும் இதே மேசையைத் தட்டிக் கத்தினீர்களாம். "செஞ்சது என் கைதாங்க. ஆனா மூணு தடவ கேட்டேன். அதையும் எழுதுங்க, அப்புறம் போடறேன்" என்று உட்கார்ந்தே இருந்தாளாம். அதனால்தானே என்னை அழைத்திருக்கிறீர்கள்.

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷப் பணியில் ஒரே ஒருத்தியையாவது தலைவியாக்கிவிட்டேன். தையல்காரரின் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.